எண் 41, திருமதி ஞானமுத்து

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன் ஆராதனைக்குப் போய்வந்தாயிற்று. லெந்து தவக்காலத்தில் நாற்பது நாளும் எதையாவது விட்டுவிடுவது என் வழக்கம். போன வருஷம் காப்பியை விட்டேன். எனக்குத் தலைவலி, என் வீட்டுக்காரருக்கு நான் என்று வீட்டில் இரண்டு பேருக்கும் கஷ்டமாகப் போயிற்று. இந்த வருஷம் புறணியை விடுவதாக ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறேன். தவறினால் அன்றன்றைக்குக் கணக்கில் ஏற்றிவிட வேண்டும்.

இன்று: 1. (பக்கத்து வீட்டு ஜெமிமா சாம்பல் புதனுக்குக் கட்டி வந்த சேலை. அது புறணியா, அவள்மேல் உள்ள அக்கறையா என்று யோசித்தேன். ஒன்று என்றே போட்டுவிட்டேன்.)

பிப்ரவரி 16, வெள்ளி

ஹெலன் நினைவு மகளிர் கல்லூரியிலிருந்து முப்பிடாதி மிஸ் வந்திருந்தாள். வரலாற்றுத் துறை. முப்பத்தைந்து வயது இருக்கும், மூச்சு விடாமல் பேசுகிறாள். அந்தக் கல்லூரி ஆபீஸில் என் வீட்டுக்காரர் முப்பத்தாறு வருஷம் இருந்து சூப்பிரண்டாக ரிட்டையர் ஆனவர். அவரைத் தேடித்தான் வந்தாள்.

விஷயம் இது. 1968 முதல் 1994 வரை வருஷாவருஷம் அந்தக் கல்லூரி ஹாலில் பெண்கள் ஓவியக் கண்காட்சி நடந்தது. பாளையங்கோட்டையில் படம் வரையத் தெரிந்த எந்தப் பெண்ணும் கொடுக்கலாம். அதன் பதிவேடுகள், போட்டோக்கள், பார்வையாளர் கருத்துப் புத்தகங்கள் எல்லாம் ஏழு அட்டைப்பெட்டியில் ஒரு ஸ்டோர் ரூமில் கிடக்கின்றன. இப்போது அந்த ரூம் ஜெனரேட்டருக்கு வேண்டுமாம். வரைந்தவர் பெயரோடு பட்டியல் போட்டுக் கொடுத்தால் நூலகத்தில் ஒரு பீரோ தருவார்கள். பெயரில்லாத தாளை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மார்ச் 28 தாண்டினால் அது பழைய பேப்பர் கடைக்கு.

"சார், உங்க காலத்துப் பேப்பர்தான. நீங்க பாத்தா யாருன்னு சொல்லிருவீங்க."

"ஃபைல் நம்பர் கேளு, சொல்லுதேன். பொம்பளையாளு படம் வரஞ்சதெல்லாம் எனக்கு என்னத்தத் தெரியும்?" என்று அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவள் கொண்டுவந்த பதிவேட்டை நான் வாங்கிப் பிரித்தேன். திருமதி தேவராஜ். திருமதி பாக்கியநாதன். தாசில்தார் அவர்களின் மனைவி. ஒருத்திக்கும் சொந்தப் பெயர் இல்லை. அப்போது அப்படித்தான் எழுதுவார்கள். படம் பெண்ணுடையது, பெயர் புருஷனுடையது.

"எந்த தேவராஜ்? பேக்கரியா, பஸ் கம்பெனியா? பஸ் கம்பெனி தேவராஜ்னா ரெண்டு கல்யாணம். மூத்தவ இருக்காளே…" என்று ஆரம்பித்தவள் வாயை மூடிக்கொண்டேன். லெந்து மூன்றாம் நாள்தான் ஆகிறது.

காரணம் சொன்னேன். முப்பிடாதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, இது புறணி இல்ல. வாய்மொழி வரலாறு."

டாக்டர் பட்டம் வாங்கிய பிள்ளை சொல்கிறது. நான் ஒன்பதாம் வகுப்பு. மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை. பெட்டிகளை இங்கேயே இறக்கச் சொல்லிவிட்டேன்.

1986-ஆம் வருஷத்துத் தாள்கள் உள்ள பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன். அதற்கு அவசரமில்லை.

புறணி: 0. வரலாறு: 6.

பிப்ரவரி 19, திங்கள்

செல்லரித்த தாள் இருபத்தெட்டு. ஒட்டிக்கொண்ட போட்டோ பதினொன்று. மாடியில் பழைய வாயல் சேலை விரித்து, இளவெயிலில் ஒவ்வொரு தாளாகக் காயவைத்தேன். பெட்டிக்குள் வசம்பும் நொச்சி இலையும் துணியில் முடிந்து போட்டேன். தூசி தட்ட விளக்குமாறு ஆகாது, துணி ஆகாது. மெத்தென்று ஒன்று வேண்டியிருந்தது.

மாலையில் அவர் குளியலறையிலிருந்து கூப்பிட்டார். "ஏட்டி, என் ஷேவிங் பிரஷ்ஷ எங்க?"

"1974-ல இருக்கு."

பிப்ரவரி 23, வெள்ளி

ஓய்வுபெற்ற சந்தோஷம் டீச்சரை வரவழைத்தது தப்பாகப் போயிற்று. ரோஜாப்பூப் படம் எத்தனை உண்டோ அத்தனையும் தன்னுடையது என்கிறார். 1969-ஆம் வருஷத்து ரோஜாவையும் சேர்த்து.

"டீச்சர், அப்ப நீங்க மூணாங்கிளாஸ்லா?"

"அப்பவே நான் நல்லா வரைவேன்மா."

அதனால் ஒரு விதி வைத்தேன். கோயிலில் கல்யாணப் பதிவேட்டில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால்தான் கல்யாணம் செல்லும். இங்கேயும் அப்படி. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு சாட்சி. தன் படத்துக்குத் தானே சாட்சி சொல்லக் கூடாது. யாருக்கும் விலக்குக் கிடையாது. பட்டியல் எழுதுகிறவளுக்கும்தான்.

முப்பிடாதி கேட்டுவிட்டு, "ஆன்ட்டி, எங்க யுனிவர்சிட்டியில கூட இவ்வளவு கண்டிப்பு கிடையாது" என்றாள்.

மார்ச் 2, சனி

கட்டிலுக்கு அடியில் இருப்பதையும் சேர்த்து மொத்தம் 112 பெண்கள். பெயர் கிடைத்தது 71.

பேக்கரி தேவராஜின் மகனுக்கு போன் போட்டு அம்மா பெயரைக் கேட்டேன். "அம்மா பேரா ஆன்ட்டி? அம்மான்னுதான்… இருங்க, ரேஷன் கார்ட பாத்துச் சொல்லுதேன்" என்றான். ஐம்பத்தைந்து வயது ஆள். லில்லி புஷ்பம் என்று பத்து நிமிஷம் கழித்துச் சொன்னான். எதற்கு என்று கேட்டான். உங்கள் அம்மா ஏழு வருஷம் தொடர்ந்து படம் கொடுத்திருக்கிறார்கள், எல்லாம் ரயில் படம் என்றேன்.

"எங்கம்மா ரயில்ல போனதே இல்லையே ஆன்ட்டி" என்றான். சாயங்காலம் ஒரு டஜன் பன்னோடு வந்து, ஏழு போட்டோவையும் பார்த்துவிட்டு, பன்னை வைத்துவிட்டுப் போனான்.

மார்ச் 7, வியாழன்

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். முதல் வியாழன்தோறும் பியூலாக்கா வீட்டில்தான். பியூலாக்கா எங்கள் தலைவி. கண் டாக்டர் ஞானமுத்துவின் மனைவி. டாக்டர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

ஜெபம், பாட்டு, காணிக்கை, காப்பி. நான் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஏ எப்சி, எப்ப வந்தாலும் அந்த மூலையிலயே போய் உக்காருத. அங்க ஃபேன் காத்தே வராதே."

"எனக்குக் காத்து ஒத்துக்கிடாதுக்கா."

எதிர்ச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. அடுப்பங்கரை ஜன்னல், ஒரு கதவு சாத்தியபடி. வெளியே முருங்கை மரம். கம்பியில் ஒரு பறவை. வலது கீழ் மூலையில் ஈரம் ஏறியிருக்கிறது. போன மாதத்தைவிட ஒரு விரற்கடை அதிகம். தாள் மெலிசு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கமாக இருக்கலாம். எனக்கென்ன தெரியும்.

மார்ச் 12, செவ்வாய்

முப்பிடாதி எண்ணிப் பார்த்து, "ஆன்ட்டி, ஒரு பெட்டி குறையுதே" என்றாள். கட்டிலுக்கு அடியிலிருந்து 1986-ஐ இழுக்க வேண்டியதாயிற்று.

எண் 41. தலைப்பு: ஜன்னலில் காலை. கொடுத்தவர்: திருமதி ஞானமுத்து.

அப்போது இந்த ஊரில் ஞானமுத்து என்று இரண்டு பேர். ஒருவர் கண் டாக்டர். இன்னொருவர் என் வீட்டுக்காரர், அப்போது கல்லூரி ஆபீஸில் கிளார்க்.

இத்தனை நாள் பெட்டிப் பக்கமே வராத மனுஷன், அந்தப் பெயரைக் கேட்டதும் செய்தித்தாளைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தார். "இது எனக்கு நல்லாத் தெரியும். டாக்டர் வீட்டம்மா படம். கண்காட்சி முடிஞ்சதும் படங்கள அவங்கவங்க வீட்டுல சேக்க வேண்டியது என் பொறுப்பு. நான்தான் சைக்கிள் கேரியர்ல வச்சு, கயிறு கட்டி, டாக்டர் வீட்டுல கொண்டு குடுத்தேன். இன்னும் அவங்க ஹால்ல தொங்குது, நீ பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன் என்றேன்.

"அப்ப சாட்சி ரெடி" என்று பேனாவை எடுத்து முழுக் கையெழுத்தும் போட்டு, தேதியும் போட்டு, கீழே அலுவலகக் கண்காணிப்பாளர் (ஓய்வு) என்றும் எழுதிவிட்டார்.

இன்றைக்கு மீன் குழம்பில் உப்பு கூடிப்போயிற்று. எப்படி என்று தெரியவில்லை.

மார்ச் 13, புதன்

1986 கருத்துப் புத்தகத்தைப் படியெடுத்தேன். மொத்தம் 62 கருத்துகள். 61 எழுதியாயிற்று. ஒன்று மட்டும் மை கலங்கி வாசிக்க முடியவில்லை.

மார்ச் 15, வெள்ளி

முப்பிடாதிக்குக் கண் நல்ல கூர்மை.

"ஆன்ட்டி, இது பளிச்சுன்னு தெரியுதே. 'எண் 41. கம்பியில் இருப்பது காகமா கோழியா என்று விளங்கவில்லை. மற்றபடி நன்று. இ. ஞானமுத்து, அலுவலகம்.' ஐயோ, நம்ம சார்!"

அவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. "சுவத்துல நம்பர் மட்டுந்தான மாட்டியிருந்தது, பேரு கிடையாது. யாரு படம்னு தெரியாம எழுதிட்டேன். அப்புறம் கொண்டுபோய்க் குடுக்கப் பதிவேட்டப் பாத்தா, திருமதி ஞானமுத்து! டாக்டர் வீட்டம்மா! நெஞ்சு பதறிட்டு. இன்னைக்கு வரைக்கும் அந்தம்மாவப் பாத்தா எந்திரிச்சு நிக்கேன்னா அதுக்குத்தான்."

பியூலாக்கா கோயிலுக்குள் நுழைந்தால் இவர் ஏன் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுகிறார் என்பது முப்பத்தெட்டு வருஷம் கழித்து இன்றுதான் எனக்கு விளங்கியது.

"ஆன்ட்டி, நீங்க அப்ப எதுவும் வரஞ்சு குடுக்கலையா?" என்று முப்பிடாதி கேட்டாள்.

"எனக்கு நேரம் ஏதும்மா?"

புறணி: 0. வரலாறு: 4. பொய்: 1. (இதற்குப் புதிதாக ஒரு பத்திக்குக் கோடு போட வேண்டியதாயிற்று.)

மார்ச் 18, திங்கள்

பெயர் கிடைத்தது 102. எண் 41-க்கு இன்னும் ஒரே சாட்சி. அந்த வருஷம் கண்காட்சியைப் பொறுப்பாக நடத்திய ஓவிய டீச்சர் ஹெர்மி போன வருஷம் காலமாகிவிட்டார். அந்தப் படத்தைப் பேப்பரில் சுற்றி அவர் கையில் கொடுத்தவள் யார் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

விதியை மாற்றலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சந்தோஷம் டீச்சருக்குச் செல்லாதது எனக்கும் செல்லாது. ஜெபம் பண்ணிவிட்டு ரசம் வைத்தேன்.

மார்ச் 21, வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுவது நல்லது.

எண் 41-ஐ முடித்துவிடலாம் என்று முப்பிடாதி பியூலாக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். "அவங்க வேலைக்காரம்மா பழைய ஆள்தான? அவங்க ரெண்டாவது சாட்சி போட்டா முடிஞ்சுது." அவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே வந்தார். நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

முப்பிடாதி பேனாவும் தாளுமாக, "பியூலா ஆன்ட்டி, இந்தப் படம் நீங்க வரஞ்சதுதான?" என்று கேட்டாள்.

"நானா?" என்று பியூலாக்கா சிரித்தார். "எனக்கு ஸ்கேல் வச்சாலும் கோடு நேரா வராது. இது யாரோ பேஷண்ட் டாக்டருக்குக் குடுத்தது. ஆபரேஷன் ஆகிக் கண்ணு தெரியுதுன்னு காட்ட வரஞ்சிருக்காங்கன்னு டாக்டர் சொல்லுவாரு. அப்புறம் அந்தக் கோழியப் பாத்துட்டு, 'பியூலா, ஆபரேஷன் சரியா வரலன்னு நினைக்கேன்'ம்பாரு. எத்தன தடவ சிரிச்சிருக்கோம்!"

முப்பிடாதி சிரித்தாள். அவர், "ஆமாமா, கோழிதான், அப்பவே நான்…" என்று ஆரம்பித்தார்.

"அது காகம்!" என்று யாரோ கத்தினார்கள்.

நான்தான்.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்த வரவில்லை. "காலையில காக்காதான வந்து உக்காரும்? எங்க வீட்டு அடுப்பங்கரை ஜன்னல்ல கோழி எதுக்கு ஏறி உக்காரணும்?"

என் வீட்டுக்காரர் திரும்பிப் படத்தைப் பார்த்தார். முருங்கையைப் பார்த்தார். சாத்தியிருந்த அந்த ஒரு கதவைப் பார்த்தார். அதன் கொண்டியை 1985-இல் சரிசெய்து தருகிறேன் என்று சொன்னவர் அவர்தான். இன்றைக்கும் அது அப்படியேதான் இருக்கிறது.

முதலில் பேசியது பியூலாக்காதான். "ஏ எப்சி! மாசாமாசம் என் வீட்டுக்கு வந்து, என் காப்பியக் குடிச்சிட்டு, எதுத்தாப்புலயே உக்காந்துக்கிட்டு… முப்பத்தெட்டு வருஷம்! ஒரு வார்த்த சொன்னியா?"

"நீங்க கேக்கலையேக்கா."

மார்ச் 22, வெள்ளி

காலையில் அவர் ஸ்க்ரூ டிரைவரோடு அடுப்பங்கரைக்கு வந்தார். இப்போது ஜன்னல் கதவு இரண்டுமே சாத்த வரவில்லை.

மார்ச் 23, சனி

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று முப்பிடாதி போனில் கேட்டாள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இங்கே எழுதலாம். அப்போது கல்யாணமாகி நாலு வருஷம். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காலண்டர் படங்களைப் பார்த்துப் பார்த்து நானே பழகியது. அவர் ஆபீஸ் போன பிறகு வரைவேன், வருவதற்குள் எடுத்து வைத்துவிடுவேன். கண்காட்சியில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து நல்லதாக ஒரு வார்த்தை சொன்னார் என்றால், அது நான்தான் என்று சொல்லலாம் என்று இருந்தேன். அன்றைக்கு உளுந்தங்களியும் கிண்டி வைத்திருந்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கோழிக் கதையைச் சொன்னார். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு கை ஒழியவில்லை.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பியூலாக்கா என் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துப் போனார். தாள் வாங்கி, மூக்குக்கண்ணாடி போட்டு எழுதினார்: "எண் 41-ஐ நான் வரையவில்லை. வரைந்தவள் காகத்துக்காக என் வீட்டு ஹாலில் சத்தம் போட்டதை நேரில் கேட்டேன். வரையாதவளுக்கு அவ்வளவு கோபம் வராது." கையெழுத்து. முதல் சாட்சி கிடைத்தது.

"ஆனா ஒண்ணு எப்சி. பேரு உனக்கு, படம் எனக்கு. இத்தன வருஷமா தூசி தட்டினது நான். டாக்டர் கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போறப்பகூட அதப் பாத்துச் சிரிச்சிட்டுத்தான் போனாரு."

கொடுக்க முடியாது என்று நான் எப்படிச் சொல்வேன்.

"வேணும்னா ஒரு பிரஷ்ஷக் கொண்டுவந்து காக்காய மட்டும் சரிபண்ணிட்டுப் போ."

சட்டத்தைக் கழற்றி, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அவ்வளவு கிட்டத்தில் பார்த்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. கழுத்து குட்டை. வால் மேலே தூக்கியிருக்கிறது.

கோழிதான்.

பிரஷ் வேண்டாம் என்றேன். பட்டியலில் காகம் என்றே எழுதியிருக்கிறேன். வரைந்தவள் சொல்வதுதான் செல்லும்.

மார்ச் 26, செவ்வாய்

இரண்டாவது சாட்சி வேண்டும். எங்கள் வீட்டு ஜன்னல் அதுதான் என்று சொல்ல அவரை விட்டால் ஆள் இல்லை. ஆனால் அவர் ஏற்கெனவே பியூலாக்காவுக்குச் சாட்சி போட்டிருக்கிறார். ஒரே படத்துக்கு ஒரே ஆள் இரண்டு சாட்சியா?

"அத அடிச்சிட்டு எழுது, புதுசா கையெழுத்துப் போடுதேன்" என்றார்.

"பதிவேட்டுல அடிக்கக் கூடாது. திருத்தம்னா தனித் தாள்ல காரணத்தோட எழுதித் தரணும். ஆபீஸ்ல நீங்க எத்தன பேர அப்படித் திருப்பி அனுப்பினியன்னு எனக்குத் தெரியாதா?"

"காரணம்னு என்னத்த எழுத?"

"நடந்தத எழுதுங்க."

மார்ச் 27, புதன்

அவர் காலையிலிருந்து மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். கசக்கிப் போட்ட தாள் இதுவரை ஒன்பது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதற்கு, "'மேற்படி'ன்னு போடவா, 'குறிப்பிட்ட'ன்னு போடவா?" என்று கேட்டார்.

பெயர் கிடைத்தது 104. முப்பிடாதி போன் பண்ணினாள். நாளை நாலு மணிக்குள் நூலகத்தில் இருக்க வேண்டுமாம். என் இரண்டு சாட்சி விதியை நூலகமும் எடுத்துக்கொண்டதாம், ஒரே சாட்சியோடு இருக்கும் தாளை எடுக்க மாட்டார்கள், பழைய பேப்பர் கடைக்காரர் சாக்கோடு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

மார்ச் 28, பெரிய வியாழன்

விடிந்து காப்பி கொடுக்கும்போது ஒரு கவரை நீட்டினார். ஒட்டியிருந்தது. கொடுத்துவிட்டுத் தாடையைத் தடவிக்கொண்டே மாடிக்குப் போய்விட்டார். அதை அப்படியே எழுதுகிறேன்.

"அனுப்புநர்: இ. ஞானமுத்து, அலுவலகக் கண்காணிப்பாளர் (ஓய்வு).

பெறுநர்: திருமதி எப்சிபாய் அவர்கள், பதிவேட்டுப் பொறுப்பாளர்.

பொருள்: எண் 41, தவறான முகவரியில் ஒப்படைத்தது, திருத்தம் கோருதல்.

அம்மா,

மேற்படி படத்தை உரியவரிடம் சேர்க்கும் பொறுப்பு 1986-ஆம் ஆண்டில் என்னிடம் இருந்தது. உரியவர் என் வீட்டிலேயே இருந்தார். நான் விசாரிக்கவில்லை. திருமதி ஞானமுத்து என்றதும் வேறு வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். 12.3.2024 அன்று நான் அளித்த சாட்சியைத் திரும்பப் பெறுகிறேன். படத்தில் இருப்பது எங்கள் வீட்டு ஜன்னல் என்றும், வரைந்தவர் தாங்களே என்றும் உறுதி கூறுகிறேன்.

கருத்துப் புத்தகத்தில் பறவை குறித்து எழுதியது, அது பற்றி அறிவில்லாத ஒருவரின் கருத்து. அதைப் பொருட்படுத்த வேண்டாம் எனவும், இடையில் நின்றுபோன பணியைத் தாங்கள் விரும்பினால் தொடரலாம் எனவும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

முப்பத்தெட்டு ஆண்டு தாமதத்துக்கு வருந்துகிறேன்.

இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள."

இரண்டு தடவை சரிபார்த்தேன். தேதி சரி. கையெழுத்து சரி. கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் இந்த மனுஷன் எதற்கும் வருந்துகிறேன் என்று எழுதியோ சொல்லியோ நான் பார்த்ததில்லை.

பதிவேட்டைப் பிரித்து, எண் 41-க்கு நேரே, எப்சிபாய் என்று எழுதினேன். எழுத்து நேராகத்தான் வந்திருக்கிறது.

மூன்றரைக்கு ஆட்டோவில் ஏழு பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனோம். 105 பெண்களின் தாள்களை நூலகத்தில் எடுத்துக்கொண்டார்கள். பெயர் கிடைக்காத ஏழு பேருடையதைச் சாக்குக்காரர் கையிலிருந்து வாங்கி என்னோடு கொண்டுவந்துவிட்டேன். தேடினால் கிடைப்பார்கள்.

நூலகப் பெண் ஒவ்வொரு சாட்சித் தாளாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள். எண் 41 வந்ததும் நிறுத்தி, "ஆன்ட்டி, இந்த லெட்டர் ஜெராக்ஸா இருக்கே. ஒரிஜினலைத்தான் வைக்கணும், ரூல்ஸ்" என்றாள்.

விதி என்றால் விதிதான். நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரிஜினல் தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.